பிஎஸ்5 ஸ்லிம் டிஸ்க் மாடல்: கம்பெனிச் சண்டையும் வேலூர் வெயிலும்

டிவியில் கேம் ஆட ஒரே ஒரு கன்சோலுக்குத்தான் பட்ஜெட் என்றால் சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஸ்லிம் வாங்குங்கள், அதுவும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடல். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் அதைவிட விலை குறைவு, சூடு குறைவு, கரண்ட் பாதிகூட இழுக்காது. வேலூர் வெயிலுக்கு உண்மையில் அதுதான் பொருத்தமான பெட்டி. இருந்தும் அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. மைக்ரோசாஃப்ட் கொட்டிக் கொடுத்து வாங்கிய ஸ்டூடியோக்களின் கேம்கள் ஒவ்வொன்றாகச் சோனி பெட்டிக்கு வந்துகொண்டிருக்கின்றன. சோனியின் சொந்தக் கேம்களோ எக்ஸ்பாக்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். இந்த ஒருவழிப் பாதை எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் 55,000 ரூபாயை எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியும். அதனால் முதலில் கம்பெனி விவகாரம். வெயில், இன்வெர்ட்டர், ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகு.

2020 செப்டம்பரில் கேம் கம்பெனியான பெதஸ்தாவின் தாய் நிறுவனமான ஜெனிமேக்ஸை 7.5 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2021 மார்ச்சில் கைமாறியது. ஃபால்அவுட், எல்டர் ஸ்க்ரோல்ஸ், டூம் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. 2023 செப்டம்பரில் வந்த ஸ்டார்ஃபீல்ட், எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் மட்டும் என்று வெளியானது. பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

அதற்கு முன்பே, 2022 ஜனவரி 18 அன்று, இன்னும் பெரிய அறிவிப்பு வந்துவிட்டது. ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் கம்பெனியைப் பங்குக்கு 95 டாலர் வீதம், மொத்தம் 68.7 பில்லியன் டாலருக்கு வாங்குகிறோம் என்றார்கள். கால் ஆஃப் டியூட்டி, டயாப்லோ, வார்கிராஃப்ட், கேம் ஆடாதவர்கள் போனிலும் இருக்கும் கேண்டி க்ரஷ், எல்லாமே அதில் அடக்கம். சோனி கடுமையாக எதிர்த்தது. கால் ஆஃப் டியூட்டி கைவிட்டுப் போனால் ஆட்கள் எக்ஸ்பாக்ஸுக்குத் தாவிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போனது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடையே போட்டது. அந்தத் தடைக்கு அவர்கள் சொன்ன காரணம் கன்சோல் விற்பனை இல்லை, கிளவுட் கேமிங். பெட்டியே இல்லாமல் இணையம் வழியாக ஆடும் சந்தை இன்னும் முளைவிடும்போதே ஒரே கம்பெனி கைக்குப் போய்விடும் என்றார்கள்.

2023 ஜூலையில் அமெரிக்க நீதிபதி ஆணையத்தின் கோரிக்கையை நிராகரித்தார். அதே மாதம் சோனியும் கால் ஆஃப் டியூட்டிக்குப் பத்து வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பிரிட்டனைச் சமாதானப்படுத்த, ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமையை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே 15 வருடத்துக்கு யூபிசாஃப்டிடம் கொடுத்துவிட்டு, 2023 அக்டோபர் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தது.

வாங்கிய பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 68.7 பில்லியனை மாதச் சந்தாவிலும் எக்ஸ்பாக்ஸ் விற்பனையிலும் திரும்ப எடுப்பது நடக்காத காரியம். அதிகம் விற்ற பெட்டி சோனியுடையது, வாங்கும் கூட்டமும் அங்கேதான். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. பிப்ரவரியில் ஹை-ஃபை ரஷ், பென்டிமென்ட், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ் நான்கும் மற்றப் பெட்டிகளுக்குப் போகும் என்றது. 2025 ஏப்ரலில் இண்டியானா ஜோன்ஸும் ஃபோர்ஸா ஹொரைசன் 5-உம் பிஎஸ்5-க்கு வந்தன, ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார். அக்டோபரில் எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோவே 2026-இல் பிஎஸ்5-க்கு வரும் என்று அறிவித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரனுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று கிணற்றோடு நிலத்தை வாங்கியவர், கடன் கட்ட அதே தோட்டத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விற்பதைப் போன்ற நிலைமை. ஹை-ஃபை ரஷ் செய்த டாங்கோ ஸ்டூடியோவை 2024 மே மாதம் மூடினார்கள் என்பது தனிச் சோகம். பிறகு தென்கொரியக் கம்பெனியான கிராஃப்டான் அதை எடுத்துக்கொண்டது.

சோனி மட்டும் கெட்டிக்காரத்தனமாக வாங்கியது என்று நினைக்க வேண்டாம். 2019-இல் இன்சாம்னியாக் ஸ்டூடியோவை 229 மில்லியன் டாலருக்கு வாங்கியது லாபமான பேரம். ஸ்பைடர்மேன் கேம்கள் அங்கிருந்துதான் வருகின்றன. 2022-இல் பங்கி ஸ்டூடியோவை 3.6 பில்லியனுக்கு வாங்கியது அப்படி இல்லை. ஹேலோவை உருவாக்கிய அதே பங்கிதான். 2000-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2007-இல் தனியே பிரிந்து, கடைசியில் சோனி வீட்டுக்கு வந்தது. 2024 ஜூலையில் மட்டும் அங்கே 220 பேருக்கு வேலை போனது. சோனி வாங்கிய இன்னொரு ஸ்டூடியோ செய்த கான்கார்ட் என்ற கேம், 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி செப்டம்பர் 6 அன்று கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை.

இந்தப் பகை புதிதும் இல்லை. 1991-இல் சோனியோடு சேர்ந்து சிடி டிரைவ் செய்துகொண்டிருந்த நின்டெண்டோ, சோனி அதை மேடையில் அறிவித்த மறுநாளே பிலிப்ஸோடு கைகோத்தது. அந்த அவமானத்தில் பிறந்தது 1994 டிசம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷன். 2001 ஜனவரியில் சேகா, தன் ட்ரீம்காஸ்ட் கன்சோல் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டுக் கேம் மட்டும் விற்கும் கம்பெனியானது. சேகா போல ஆகாமல் எக்ஸ்பாக்ஸ் அடுத்த பெட்டியையும் செய்யலாம். ஆனாலும் எக்ஸ்பாக்ஸில் மட்டுமே ஆட முடியும் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் வருடத்துக்கு வருடம் பட்டியல் சுருங்குகிறது.

இப்போது பணக் கணக்கு. பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் மாடல் 44,990. பண்டிகை நேரத்தில் சோனியே விலையைக் குறைப்பது வழக்கம். சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது. 20,000 ரூபாய் மிச்சம் என்று தெரியும். ஆனால் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் டிரைவே கிடையாது. அதன் வசீகரமே, மாதக் காசுக்குப் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் சந்தாதான். 2025 அக்டோபரில் அதன் உச்ச அடுக்கான கேம் பாஸ் அல்டிமேட் இந்தியாவில் மாதம் 829-லிருந்து 1,389 ரூபாயானது. அந்த விலையில் வருடத்துக்கு 16,668 ரூபாய். இரண்டு வருடம் கட்டினால் பெட்டியோடு சேர்த்து 68,326. அதே காசில் பிஎஸ்5 டிஸ்க் மாடலும், ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய புது டிஸ்க் இரண்டும் கைக்கு வரும். மீதிக்கு ஒரு பழைய டிஸ்க்கும் சேரும். டிஸ்க்கை முடித்துவிட்டு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சந்தா முடிந்த அன்று கையில் ஒன்றும் மிஞ்சாது. இது அறிமுக விலையில் போட்ட கணக்கு; கடையில் இன்று சொல்லும் விலையை வைத்து ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள். அல்டிமேட் வேண்டாம், 2025 அக்டோபரில் 499 ரூபாயாக இருந்த கீழ் அடுக்கு எசென்ஷியல் போதும் என்பவருக்குக் கணக்கு மாறும், ஆனால் அதில் கிடைக்கும் கேம்களும் குறையும்.

ஃபோர்ட்நைட், வார்ஸோன் போன்ற இலவச கேம்களுக்கு இரண்டு பெட்டியிலும் சந்தா தேவையில்லை. வீட்டில் பையன் அதை மட்டும்தான் ஆடுவான் என்றால் சீரிஸ் எஸ் தாராளமாகப் போதும். மேலே சொன்ன சிபாரிசு அவருக்குப் பொருந்தாது.

டிஸ்க் விஷயத்தில் ஒரு வில்லங்கம். வாங்கிய கேம் டப்பாவில் டிஸ்க் இருந்தாலும் முழு கேமும் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் பிஎஸ்5 டிஸ்க்கில் 85 எம்பி மட்டும்தான், மிச்சம் முழுக்க டவுன்லோட். ஃபோர்ஸா ஹொரைசன் 5-க்கு பிஎஸ்5-இல் டிஸ்க்கே வரவில்லை. அதை ஆட மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் தொடங்கியாக வேண்டும்; சீ ஆஃப் தீவ்ஸுக்கும் அப்படியே. போட்டிக் கம்பெனியின் கேமைச் சோனி பெட்டியில் ஆடும்போது இந்த மாதிரிச் சுங்கச்சாவடிகள் நடுவில் வரும். பர்மா பஜார், ரிச்சி தெருவில் வெளிநாட்டு டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். கேம் ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை இந்தியக் கணக்கில் வாங்கினால் ஒட்டாது. பிஎஸ்4 டிஸ்க் வீட்டில் குவிந்திருந்தால் அவை இந்த டிரைவில் ஓடும். டிஜிட்டல் மாடல் வாங்கிப் பிறகு டிரைவைத் தனியாகப் பொருத்தலாம். பொருத்தும்போது ஒருமுறை இணையம் இருந்தால்தான் டிரைவ் பெட்டியோடு இணையும்.

வெயிலுக்கு வருவோம். பிஎஸ்5 கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். மே மாதத்தில் வேலூர் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. சத்துவாச்சாரியோ காட்பாடி காந்தி நகரோ, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ராத்திரி பத்து மணிக்கும் கான்கிரீட் அனலைக் கக்கும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் பகலில் கனமான கேம் போட்டால் விசிறிச் சத்தம் ஏறும், கடைசியில் சூடு அதிகம் என்று திரையில் எச்சரிக்கை வந்து அணையும். பெட்டியை டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பின்பக்கம்தான் சூடான காற்று வெளியேறும். சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. விடுங்கள். படுக்க வைக்கும் கால்கள் பெட்டியோடு வரும், நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்ட் தனிக் காசு. படுக்க வைப்பதே மேல். சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 சாட்சி: சிவப்பு வளையக் கோளாறுக்காக 2007-இல் மைக்ரோசாஃப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, வாரன்ட்டியை மூன்று வருடமாக நீட்ட வேண்டியிருந்தது.

தூசு இன்னொரு எதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, வெள்ளை மூடிகளைக் கழற்றி, விசிறியைச் சுற்றி வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் காட்டினால் போதும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் உள்ளே போக வேண்டாம். சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் நடுவில் இருப்பது சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் போர்டே போய்விடும்.

கரண்ட். கனமான கேமில் பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், சீரிஸ் எஸ் 70 முதல் 80 வாட். தினமும் 3 மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் பிஎஸ்5 மட்டும் 36 யூனிட், சீரிஸ் எஸ் 14-ஐ ஒட்டி. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இந்த 36 யூனிட்டே 500-ஐத் தாண்டவைத்துக் கட்டண அடுக்கை மாற்றிவிடக்கூடும்.

மின்தடைதான் நம் பக்கத்தில் பெட்டியைக் கெடுக்கும் முதல் காரணம். ஆடும்போது கரண்ட் போனால் மறுபடி போடும்போது சேமிப்பகத்தைச் சரிசெய்கிறேன் என்று ஒரு திரை வரும். எப்போதாவது வந்தால் பரவாயில்லை, அடிக்கடி என்றால் சேவ் ஃபைல் கெடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், கன்சோல் அணைந்து போகும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் பெட்டியில் பவர் சப்ளை முனகும், சூடாகும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் கன்சோல், 43 அங்குல டிவி, ஒரு ஃபேன், ரௌட்டர் நான்கையும் இரண்டரை மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரே இல்லை என்றால் ரெஸ்ட் மோடில் (பாதி அணைந்த தூக்க நிலையில்) போட்டு வைக்காமல் முழுசாக அணையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று காலை 9 மணிக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்டால், கரண்ட் திரும்பும்போது வரும் வோல்டேஜ் ஏற்றத்திலிருந்து தப்பலாம். ஸ்டெபிலைசர் அவசியமில்லை, நல்ல ஸ்பைக் கார்ட் போதும்.

இணையத்துக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் 100 ஜிபி கேம் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும், 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி. முடிந்தால் வயர் இழுத்துக் கொடுங்கள். பிரிட்டன் ஆணையம் கவலைப்பட்ட கிளவுட் கேமிங்கை மைக்ரோசாஃப்ட் 2025 நவம்பரில் இந்தியாவிலும் தொடங்கியது. போன், டிவி எதிலும் பெட்டி இல்லாமல் ஆடலாம். கன்சோல் வாங்குமுன் ஒரு மாதச் சந்தாவில் அதைச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். சோனியின் கிளவுட் சேவை இந்தியாவுக்கு வராததால் இங்கே அதன் சந்தாவான பிஎஸ் பிளஸ்ஸின் உச்ச அடுக்கு டீலக்ஸ் என்ற பெயரில் விற்கப்படுகிறது.

சேமிப்பு இடத்தில் ஸ்லிம் கெட்டி. 1 டிபியில் 840 ஜிபிக்குச் சற்று மேல் கையில் கிடைக்கும். சீரிஸ் எஸ் 512 ஜிபி மாடலில் 364 மட்டும். கால் ஆஃப் டியூட்டி போட்டால் அதில் பாதி இடம்கூடப் போய்விடலாம். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த கார்டுதான் வாங்க வேண்டும். யூஎஸ்பி டிஸ்க்கில் புது கேமை வைத்திருக்கலாம், அதிலிருந்து ஓட்ட முடியாது. பிஎஸ்5-இல் கணினிக் கடையில் கிடைக்கும், உள்ளே செருகும் சேமிப்பு அட்டையான எம்.2 எஸ்எஸ்டியே போதும். நான்காம் தலைமுறை என்விஎம்இ, வாசிப்பு வேகம் விநாடிக்கு 5,500 எம்பியாவது இருக்க வேண்டும். ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்து மொத்தத் தடிமன் 11.25 மி.மீ., அகலம் 25 மி.மீ. தாண்டக்கூடாது. கணினிக்கு விற்கும் உயரமான ஹீட்சிங்க் வாங்கிவிட்டு மூடி மூடவில்லை என்று திரும்பி வருவோர் அதிகம். மூடியைக் கழற்றினால் ஒற்றை ஸ்க்ரூ போட்ட தகடு. அதைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன வளையத்தை எஸ்எஸ்டியின் நீளத்துக்குத் தக்கபடி நகர்த்தி, சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கவும். தகட்டைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். போட்டதும் பெட்டியே ஃபார்மேட் செய்யக் கேட்டு, வேகத்தைச் சொல்லும்.

பெட்டியின் பலவீனம் கன்ட்ரோலர். ஸ்டிக்குக்குள் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்து, கை வைக்காமலே கேமில் உள்ள கதாபாத்திரம் ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும். ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். காந்த வகை ஸ்டிக் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மாற்றிய பிறகு காலிபிரேஷன் (ஸ்டிக்கின் நடுநிலையைத் திரும்பச் சரிசெய்வது) செய்வாரா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் புது ஸ்டிக்கும் நடுநிலையில் நிற்காது.

அடுத்தது எச்டிஎம்ஐ போர்ட். வயரை இழுத்ததில் உள்ளே முள் வளையும், படம் வராது. தோட்டப்பாளையம், ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஹாட் ஏர் வைத்து வேலை செய்யும் மொபைல் கடைகளில் போர்ட்டை மாற்றலாம் என்பார்கள். போர்ட் வேலை அவர்களுக்குக் கைவந்ததுதான், ஆபத்து ஹீட்சிங்கைக் கழற்றும்போது. திரவ உலோகம் கையாண்டிருக்கிறீர்களா, திரும்ப என்ன போடுவீர்கள் என்று கேட்டு, வெள்ளை பேஸ்ட் என்று பதில் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாரன்ட்டி ஒரு வருடம். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். பழுதானால் பெட்டி எங்கே போகும், யார் அனுப்புவது என்பதை வாங்கும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் விஐடி மாணவர்கள் படிப்பு முடித்துக் கிளம்பும் மாதங்களில் விசாரிக்கலாம். பார்க்கும்போது உங்கள் டிவி வயரையும் ஒரு டிஸ்க்கையும் எடுத்துப் போங்கள். உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். தடை செய்யப்பட்ட பெட்டி அங்கேயே மாட்டும். சிஸ்டம் மென்பொருள் மிகப் பழசாக இருந்து, அப்டேட் செய்யாதீர்கள் என்று விற்பவர் தடுத்தால் அது கம்பெனிப் பூட்டை உடைத்த ஜெயில்பிரேக் பெட்டி, ஆன்லைன் கனவை மறந்துவிடலாம். டிஸ்க்கை மூன்று முறை போட்டு எடுத்து, அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டிய பிறகே காசு கொடுக்கவும். கன்ட்ரோலரைக் கணினியில் செருகி கேம்பேட் டெஸ்டர் பக்கத்தில் ஸ்டிக் நடுவில் நிற்கிறதா பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் உலகெங்கும் வந்தபோது 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை விதி காரணமாக இந்தியாவுக்கு வரவில்லை. அப்போது சில கடைகளில் தெரிந்தது இறக்குமதிச் சரக்கு, அதற்கு இந்திய வாரன்ட்டி கிடையாது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-உம் அப்படித்தான், அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனையே இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நின்டெண்டோவை மிஞ்ச ஆள் இல்லை என்றாலும், ஸ்டிக் பழுதானால் ஸ்க்ரூ டிரைவரை நீங்களே எடுக்கத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள்.